எவர் மொழி தன்மொழி?

விநய பிடகத்துச் சுல்லவக்கப் பகுதியில் சிறு நிகழ்ச்சியொன்று கூறப்பட்டுள்ளது. அந்தணர் குலத்திற் பிறந்த உடன்பிறந்தார் இருவர் சங்கத்திற் சேர்ந்து பிக்குகளாயினர். இனிய குரலும் திருத்தமான உச்சரிப்பும் வாய்ந்தவர்கள். பல நாட்டாரும் பல குலத்தாரும் சங்கத்திற் புகுந்து, தத்தம் பேச்சு வழக்கில் பகவன் திருவாக்கைச் சொல்லிக் கெடுக்கின்றனரே என்று அவர்கள் மனம் புழுங்கினர். பகவனிடஞ் சென்று, திருமொழியைச் சந்தசில் அமைத்துவிட உத்தரவு வேண்டுமென்று விண்ணப்பித்தனர். சந்தசாவது வேதம் ஓதுவோர் கையாளும் மொழிநடை. பகவன் அவர்களைக் கடிந்துரைத்து, அவ்வாறு செய்தல் பிக்குகளுக்குக் குற்றமாகும் என்று விதித்தார். புத்த வசனத்தைத் தன்மொழியிற் கற்கலாம் என்று அனுமதியும் அளித்தார்.

தன்மொழி என்றாரே, எவருடைய தன்மொழி? மூலத்திலுள்ள பாலிச் சொல் இரு பொருளுக்கும் இடந்தருவது. கி.பி. 5-ம் நூற்றாண்டில் உரை வரைந்த ஆசாரிய புத்தகோசர், நம் காஞ்சிமாநகரில் தாம் தங்கியதைத் தம் உரையொன்றின் இறுதியிற் குறித்துச் சென்ற அப்பெரியார், அது பகவன் பேசிய மாகதியே என்றார். இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் அது கற்போர் ஒவ்வொருவருடைய சொந்த மொழியையுங் குறிக்கும் என்பர். முன்னதை ஏற்றால் மொழி போதிப்பவர்க்கு உரியது. பின்னதை ஏற்றால் கேட்பவர்க்கு உரியது. பிக்குகளின் பழைய வழக்கென்று இதனை நாம் ஒதுக்கிவிட இயலாது. நாம் குடியிருக்கும் இக்கன்னட நாட்டிலே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை முன்னிட்டு, இதே வழக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்து உச்சநீதிமன்றம் வரை சென்றது.

அதன் தொடக்கத்திலும் ஒரு சந்தசு இருந்தது என்பது வியப்புக்குரியது. கன்னட நாட்டு உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் சமஸ்கிருதத்தை முதல் மொழியாக எடுத்துக்கொண்டு, கன்னடத்தைச் செம்மையாகக் கற்காமலே தேறி வெளிவரக்கூடிய நிலை இருந்தது. கன்னடிகர் இதனை எதிர்த்தனர்; எதிர்த்தது நியாயமே. 1980-ம் ஆண்டில் அறிஞர் வி.கி. கோகாக் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. கன்னடமே ஒரே முதல் மொழியாதல் வேண்டும் என்று அக்குழு 1981-ல் அறிக்கை தந்தது. அதனை நிறைவேற்றக் கோரி 1982-ல் எழுந்த கிளர்ச்சியில் நடிகர் ராஜ்குமார் இறங்கினார், நாடே திரண்டது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அரசாணையும் பிறந்தது.

சமஸ்கிருதத்தின்மேல் தொடுத்த அம்பு எங்கே சென்று தைத்தது? உருதும் தமிழும் தெலுங்கும் மராத்தியும் வீட்டில் பேசும் ஏழைப் பிள்ளைகளின்மேல் தைத்தது. சமஸ்கிருதத்தைத் தெரிந்தெடுத்தவன் மதிப்பெண்ணுக்காக எடுத்தவன். வேறு வழி கண்டுகொள்வான். கல்லுடைப்பவன் மகனுக்கு வேறு வழி ஏது? சிறுபான்மையோர் வழக்காடினர். 1989-ம் ஆண்டில் மாநில உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, அவ்வாணையின் கட்டாயப் பகுதிகள் அரசமைப்புச் சட்டம் தரும் சமத்துவத்துக்கும் சிறுபான்மையோர் உரிமைக்கும் முரணானவை என்று தள்ளியது. அரசு ஆணையைத் திருத்திற்று. 1994 ஏப்ரலில் வெளிவந்த ஆணை, முதல் நான்கு வகுப்புகளுக்குத் தாய்மொழியோ கன்னடமோ பயிற்று மொழியாதல் வேண்டும் என்றது. தனியார் பள்ளிகள் பல கன்னட வழிக்கென அனுமதி பெற்றுக்கொண்டு உள்ளே ஆங்கிலத்திற் கற்பித்தன. இதனை அறியாதார் ஊரில் இல்லை. அந்த ஆணையும் வழக்காயிற்று. 2014 மே 6-ம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்புரைத்தது: தொடக்கப் பள்ளியில் எம்மொழியிற் கற்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கு உரியது, அதன் சார்பிற் பெற்றோரோ காப்பாளரோ அதனைச் செலுத்துவர், தாய்மொழி நல்லதென்று அரசு கருதுவதனாலேயே அதனைத் திணித்தல் ஆகாது, தாய்மொழி இன்னதென்று சொல்ல வேண்டியவரும் பெற்றோரே.

அரசு, மொழி கற்பிப்பவனுடையது என்றது. நீதிமன்றம், பெற்றோர் சொல்வதே மொழி என்றது. ஆனால் தீர்ப்பின் வாசகத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். உரிமை குழந்தையுடையது, பெற்றோர் அதன் சார்பிற் பேசுபவர் மட்டுமே. ஒருவர் சார்பிற் பேசுபவர் அவருக்கு விளங்குவது எது என்பதையன்றோ முதலிற் பார்க்க வேண்டும்? இவ்வொரு கேள்வியை அரசும் கேட்கவில்லை, சங்கங்களும் கேட்கவில்லை. பெற்றோராகிய நாமும் கேட்பதில்லை என்பதே எனது குறை.

நம்மைப்பற்றிச் சிறிது பேசுவோம். தங்கவயல் சுரங்கங்கள் 1880-ம் ஆண்டு முதல் நம்மவரால் நிரம்பின. வடார்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த மக்கள் அங்கே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டனர், பள்ளி கண்டனர், அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய இதழ் அவர் மறைவுக்குப் பின்னர் அங்கிருந்தும் வெளிவந்தது. மண்ணுக்கடியில் வேலை, மண்ணுக்குமேல் தமிழ். கன்னட மண்ணில் தமிழ்வழிப் பள்ளியிற் படித்துத் தமிழ்ப் புலவரானவர் எத்துணையோ பேர். 2001 பிப்ரவரி 28-ம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவ்வூரார் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். தமிழ்ப் பள்ளியிற் பிள்ளையைச் சேர்க்கச் சொன்னால் அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பது தவறென்று சொல்ல எனக்கு வாயில்லை.

தமிழ் நமக்குத் தாய்மொழி. எனினும் அத்தமிழ் நம்மைத் தாய்போல் நடத்திற்று என்று கூறமாட்டேன். பள்ளித் திண்ணைக்கு வெளியே நம்மை நிறுத்தியவரும் தமிழிலேதான் நம்மை அதட்டினர். ஆல்காட் துரை 1894-ல் சென்னை ஊரூரில் நம் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்க வேண்டியிருந்தது எதனால்? ஆங்கிலத்தை நம் மக்கள் நாடுவது வெறும் மோகம் என்று பேசுவோர், சேரிக்குள் முதன்முதல் வந்த மரியாதை எந்த மொழியின் சட்டைபோட்டு வந்தது என்பதை நினைந்து பார்க்கட்டும். பாபாசாகேப் அம்பேத்கர் 1955-ம் ஆண்டில் மொழிவழி மாநிலங்களைக் குறித்து எழுதிய நூலில், ஒரு மொழி ஒரு மாநிலம் என்ற ஏற்பாட்டை ஒப்புக்கொண்டபோதிலும், அம்மாநிலங்களில் எண்ணிக்கை மிகுந்த சாதியாரின் கையில் சிறு கூட்டத்தார் சிக்குவர் என்று எச்சரித்தார். வட்டார மொழியே ஆட்சிமொழியாதல் கூடாது என்றுங் கூறினார். அவர் நாகபுரியில் திரிசரணம் ஏற்றது 1956 அக்டோபர் 14. மொழிவழி மாநிலங்கள் பிறந்தது அதன்பின் பதினெட்டாம் நாள், நவம்பர் 1. அதே ஆண்டிற் செய்த ஏழாவது திருத்தத்தால் அரசமைப்பில் 350-அ என்னும் பிரிவும் நுழைந்தது: மொழிச் சிறுபான்மையோர் குழந்தைகளுக்குத் தொடக்க வகுப்பில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அது.

வசதி என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. 1949-ல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர் மாநாடு வகுத்த கணக்கு இன்றுவரை பேசப்படுகிறது: ஒரு பள்ளியில் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் அம்மொழியிற் கற்பிக்க ஆசிரியர் வைக்கலாம். மைசூரில் நம் வீடுகள் ஒரு தெருவில் நான்கு, மற்றொரு தெருவில் இரண்டு என்று சிதறிக் கிடக்கின்றன. பத்துப் பேர் எங்கிருந்து கூடுவது? ஒன்பது பிள்ளைகளுக்கு விளங்காமை ஒரு குறையாகாது, பத்தாவது பிள்ளை வந்த பின்னரே அது குறையாகும் என்பது கணக்குக்குச் சரியாக இருக்கலாம், கருணைக்குச் சரியன்று.

யான் முதல் வகுப்பிற் சேர்ந்த நாளை மறக்கவில்லை. பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. ஆசிரியை என்னை நோக்கிக் கைகாட்டிப் 'பா' என்றார். எனக்கு ஒன்றும் விளங்காமல் நின்றேன். மறுபடியும் 'பா' என்றார், குரல் உயர்ந்தது. பாட்டுப் பாடச் சொல்கிறார் போலும் என்றெண்ணி வீட்டிற் கற்ற பாட்டொன்றைத் தொடங்கினேன். வகுப்பே நகைத்தது. மந்தமான பிள்ளை என்று பெயராயிற்று. அப்பெயர் கழிய மூன்றாண்டு ஆயிற்று. பின்னர் அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர், நமது வகரம் அவர்களிடத்துப் பல சொற்களிற் பகரமாக நிற்கும் என்று காட்டினார். வா என்பது பா. வாய் என்பது பாயி. வேண்டும் என்பது பேகு. நமது பகரமோ ஹகரமாயிற்று: பால் என்பது ஹாலு. ஒரு மாலைப்பொழுதில் அவர் திறந்துவிட்ட கதவு அது. பள்ளியில் எவரேனும் முதல் வாரத்திலேயே இதனைச் சொல்லியிருந்தால், யான் மந்தனாகியிருக்கமாட்டேன். கன்னடத்தின்மேல் எனக்கு அன்றும் பகையில்லை, இன்றும் இல்லை. அதுவே எனக்குச் சோறு போட்ட மொழி. கன்னடம் கற்பித்தது பிழையன்று. யான் அறிந்த மொழியை ஒன்றுமில்லாததாக எண்ணி அதன்மேல் கன்னடத்தை வைத்ததே பிழை.

நம் துயரைப் பெரிதாகச் சொல்லுமுன், இம்மாவட்டத்தின் தென்மேற்கே எக்கடதேவன்கோட்டைக் காட்டுப்பக்கம் செல்வோம். அங்கே ஜேனுக் குறும்பர், பெட்டக் குறும்பர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்தவர்கள்; கபினி அணைக்காகவும் பின்னர்ப் புலிகளுக்காகவும் காட்டைவிட்டுப் பெயர்க்கப்பட்டவர்கள். அவர்கள் பேச்சு கன்னடமன்று. ஆயினும் மக்கட்கணக்கெடுப்பிற் குறும்பர் மொழி கன்னடத்தின் கீழேயே தொகுக்கப்படுகிறது. ஆகவே அரசின் ஏட்டில் அப்பிள்ளை தன் தாய்மொழியிலேயே படிக்கிறது. தாய்மொழிக் கல்விக்கு ஆதரவாக யார் எத்தனை ஆணை பிறப்பித்தாலும் அப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஏனெனில் ஏட்டில் அதற்குக் குறையே இல்லை. நமக்கேனும் வழக்காட ஒரு பெயர் இருந்தது.

இதே மைசூர் மாநகரில், மானசகங்கோத்திரியில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இருந்து வருகிறது. பழங்குடிப் பிள்ளைகளைத் தங்கள் மொழியில் எழுத்தறியச் செய்து, படிப்படியாக மாநில மொழிக்கு அழைத்துச் செல்லும் முறையை வகுத்து, முதற் பாடநூல்களும் ஆக்கிய நிறுவனம் அது. அதன் முதல் இயக்குநர் தே.பி. பட்டநாயக் தாய்மொழிக் கல்விக்காகத் தம் வாழ்நாளெல்லாம் வாதாடியவர். அறிவு இங்கே இருக்கிறது. காடு ஒரு காலைப்பொழுதுப் பயணத் தொலைவில் இருக்கிறது. இடையிலே ஒரு பேருந்து ஓடுகிறது. வேறென் சொல்ல?

மேற்கே பெரியபட்டணம் வட்டத்துப் பைலகுப்பேயிற் காண்பது மற்றொன்று. 1959-ல் நாடிழந்து வந்த திபெத்தியருக்கு அன்றைய மைசூர் அரசு மனமுவந்து நிலந்தந்து, 1960-ஐ ஒட்டி அங்குக் குடியேற்றியது. அவர்தம் குழந்தைகளுக்கென மைய அரசு 1961-ல் தனி நிர்வாகம் அமைத்துப் பள்ளிகள் நடத்தியது. தொடக்கத்தில் எல்லாம் ஆங்கிலத்தில், திபெத்திய மொழி ஒரு பாடமாக. பின்னர் அம்மக்களே கூடி ஆய்ந்து, தொடக்க வகுப்புகளைத் திபெத்திய மொழிக்கு மாற்றினர். கணக்குக்கும் அறிவியலுக்கும் சொல்லாக்கி நூலாக்கினர். மேல்வகுப்புகளில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டனர். நம் சமயத்தாரின் செயலென்று நாம் பெருமிதங்கொள்ளலாம். ஆயின் அவர்களுக்கு அதற்கான பள்ளியும் நிர்வாகமும் மடாலயமும் ஓரிடத்திற் கூடியிருந்தன. அப்படியிருந்தும், இளையோர் வெளிநாடு செல்லச் செல்ல வகுப்பறைகள் மெலிந்து வருகின்றன. மொழியைக் காக்கப் பள்ளி வேண்டும். பள்ளி மட்டுங் கொண்டு மொழி காக்கப்படுவதில்லை.

இவ்விடத்து மச்சிம நிகாயத்து அரணவிபங்க சூத்திரத்தை நினைந்து பார்ப்பது தகும். சச்சரவு நேராமல் வாழும் வழியைக் கூறும் அச்சூத்திரம், மொழியைப்பற்றி இரண்டு எச்சரிக்கை செய்கிறது. உண்கலம் ஒன்றையே ஒரு நாட்டார் பாதி என்பர், ஒரு நாட்டார் பத்தம் என்பர், ஒரு நாட்டார் சராவம் என்பர். என் நாட்டுச் சொல்லே மெய், பிறவெல்லாம் பொய் என்று பற்றிக்கொள்ளல் ஆகாது. அங்குள்ளார் வழங்கும் சொல்லைப் புறந்தள்ளி மீறிச் செல்லலும் ஆகாது. முதற் குற்றம் பற்று, இரண்டாவது அலட்சியம். அரசு செய்தது இரண்டாவதென்று நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். முதலாவதைச் செய்பவர் யார்?

யான் கூற வந்த கடினமான செய்தி இதுவே. இந்நகரில் நம் வீடுகள் பலவற்றில் மூன்றாந் தலைமுறை வளர்கிறது. 1991 டிசம்பரில் காவிரியை முன்னிட்டுத் தமிழர் தாக்கப்பட்ட நாட்களுக்குப் பின், தெருவில் தமிழில் உரக்கப் பேசாதே என்று பிள்ளைகளை அடக்கிய தாய்மாரை யானறிவேன். அடக்கியது பழகிற்று. இன்று அப்பிள்ளைகளின் பிள்ளைகள் கனவு காண்பது கன்னடத்தில். வீட்டுக்குள் தமிழ் காதில் விழுகிறது. வாயிற் கன்னடம் வருகிறது. புத்தகத்தில் ஆங்கிலம் இருக்கிறது. இவர்களுள் ஒருவனை நிறுத்தி, உன் தாய்மொழி தமிழ், ஆகவே தமிழிற் படி என்று யான் கட்டளையிட்டால், எனக்கும் 1982-ம் ஆண்டு ஆணைக்கும் வேற்றுமை என்ன? அவன் தன்மொழியை யான் எனது மொழியாக்கிக்கொண்டேன், அவ்வளவே. புத்தகோசர் உரையை ஒப்பாத நாம், நம் வீட்டில் அவ்வுரையையே நடத்துகிறோம்.

அவ்வாறாயின் தமிழை விட்டுவிடுவதா என்று அன்பர்கள் சினந்து கேட்பர். மணிமேகலையும் வீரசோழியமும் நம் முன்னோர் இட்டுச் சென்ற செல்வம். அவற்றை வாசிக்க ஒருவரும் இல்லாத வீட்டில் அவை வெறுந்தாள். அந்த இழப்பு எனக்கும் நெஞ்சை அறுக்கிறது. ஆயினும் இழப்பு என்னுடையது. அதற்குரிய விலையை முதல் வகுப்புப் பிள்ளையிடம் வாங்குவது அறமாகாது. அவன் எதனில் விளங்கிக்கொள்கிறானோ அதனில் தொடங்கிப் பிறவற்றை அதன்மேல் ஏற்றுதல் வேண்டும். தொடக்கம் தமிழாயின் தமிழ், கன்னடமாயின் கன்னடம், காட்டுப் பிள்ளைக்கு ஜேனுக் குறும்பர் பேச்சு. ஆங்கிலத்தை விரும்பும் தந்தைக்கும் இதில் முரணில்லை. வேர் பிடித்த பின் எம்மொழியும் ஏறும் என்பதை மூன்று மொழி பேசும் மைசூர்த் தெருப்பிள்ளைகள் நாடோறும் மெய்ப்பிக்கின்றனர். தமிழை அவனுக்குத் தருவதும் நம் கடனே. ஆனால் அதனை அவன் நாடி வருமாறு தருதல் வேண்டும், மாலையில், பாட்டியின் அருகில், யான் பகரமும் வகரமும் கற்றதுபோல.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தம்ம வகுப்பிற் சென்ற மழைக்காலத்தில் நிகழ்ந்தது இது. பிள்ளைகள் பஞ்சசீலத்தைப் பாலியிற் பிழையின்றி ஓதினர். இரண்டாஞ் சீலத்துக்குப் பொருள் என்ன என்று ஒரு சிறுவனைக் கேட்டேன். விழித்தான். தமிழிற் கூறினேன், தலையசைத்தான், விளங்கிய தலையசைப்பன்று. அப்பொழுதுதான் உறைத்தது, நாமும் ஒரு சந்தசு வைத்திருக்கிறோம் என்று. பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி எழுந்து சிறுவர்பக்கம் திரும்பி, ஐந்தையும் கன்னடத்திற் சொல்லத் தொடங்கினாள். 'கொல்லபேட' என்றாள், 'கள்ளதன மாடபேட' என்றாள். சிறுவர்கள் வாய்விட்டுக் கேள்வி கேட்டனர். எறும்பை மிதித்தால்? தம்பியின் பென்சிலை எடுத்தால்? அவ்வளவு பேச்சு அவ்வறையில் அதற்கு முன் யான் கேட்டதில்லை.

பின்வரிசையில் அவள் பாட்டி அமர்ந்திருந்தார். தங்கவயலிலிருந்து மகள் வீட்டுக்கு அண்மையில் வந்தவர். என்னை அருகழைத்து, "கொல்லாதேன்னுதானே சொல்றா?" என்றார். ஆம் அம்மா என்றேன். சற்று நேரம் பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதை நம்ம பேச்சுலயும் ஒருக்கா சொல்லக் கூடாதா, ஐயா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு முதல் சீலம் இவ்வாறு நடக்கிறது: சிறுமி கன்னடத்திற் சொல்லுவாள், பாட்டி தமிழிற் சொல்லுவார், பிள்ளைகள் இரண்டையும் திருப்பிச் சொல்லுவர். பாலி மூன்றாவதாக வருகிறது.